கணப்பு வரி

மாசாத்தர் மலைநாட்டின் வரி அமைச்சர். வயது ஐம்பத்தெட்டு. மாதம் ஒருமுறை குதிரையேறி உமையாள் அம்மையின் மடத்துக்கு வருவார். அம்மை அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவர் எதிரே மாசாத்தர் தரையில்தான் உட்காருவார்.

அந்த முறை கொதிப்போடு வந்தார்.

"இந்த மக்களுக்கு நன்றியே இல்லை, அம்மை. குளிர்காயக் கணப்பில் எரிக்கும் கரிக்காகக் காட்டையே மொட்டையடித்தார்கள். கரிக்கு வரி போட்டேன். ஒரே வருஷத்தில் சுங்கச் சாவடியைத் தாண்டும் மூட்டைகள் பாதியாகிவிட்டன. காடு பிழைத்தது. இன்றைக்கு வழியில் என்மேல் கல்லெறிகிறார்கள்! நான் செய்த தவறு என்ன?"

அம்மை எழுந்து மேலாடையைப் போர்த்திக்கொண்டார்.

"வாரும்."

மடத்துக்குக் கீழே உழவர் தெரு. மூன்றாவது வீட்டுக்குக் கதவு இல்லை, சாக்கு தொங்கியது. உள்ளே கண்ணைக் கரிக்கும் புகை. செங்கமலம் என்ற பெண் பச்சைச் சுள்ளிகளை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கைக்குழந்தை. இருமி இருமி அதன் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"கதவு எங்கே, தாயே?" என்றார் மாசாத்தர்.

"போன மாசம் எரித்துவிட்டோம், ஐயா. அதற்கு முன்னால் சாணம். வயலுக்குப் போக வேண்டிய எரு அத்தனையும் வரட்டியாகி அடுப்பில் போனது, விளைச்சலும் போனது. இப்போது காட்டில் மரக்கன்றுகளை ஒடித்து வருகிறோம்."

"கன்றுகளையா? உங்கள் பேரப்பிள்ளைகளுக்காகத்தானே அந்தக் காட்டைக் காப்பாற்றுகிறோம்!"

செங்கமலம் நிமிர்ந்தாள். அவர் விரலில் இருந்த முத்திரை மோதிரம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது.

"ஓ, அந்த வரி போட்டவர் நீங்கள்தானா? பேரப்பிள்ளையாம்! இது பிழைத்தால்தானே ஐயா எனக்குப் பேரன்! சாவடியில் உட்கார்ந்து மூட்டைகளை எண்ணினீர்களே, இந்தத் தெருவில் இந்தக் குளிருக்கு எத்தனை பிள்ளைகளைப் புதைத்தோம் என்று எண்ணினீர்களா?"

மாசாத்தர் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். தெரு முனை வந்ததும் நின்றார்.

"வரியை எடுத்துவிடட்டுமா, அம்மை? எடுத்தால் மறுபடியும் காடு அழியுமே."

"அரண்மனையில் எத்தனை கணப்பு எரிகிறது?"

"நாற்பது."

"வரி வந்த பிறகு எத்தனை அணைந்தன?"

"ஒன்றுகூட இல்லை. அரண்மனைக் கரிக்கு வரி கிடையாது."

"வசூலான பணம்?"

"அரசர் வேட்டை மாளிகை கட்டுகிறார்."

"எதைக் கொண்டு?"

மாசாத்தரின் குரல் இறங்கியது. "அதே காட்டுத் தேவதாரு மரத்தைக் கொண்டு."

அம்மையின் முகம் சிவந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கோபப்பட்டு மாசாத்தர் பார்த்ததில்லை.

"இது என்ன நியாயம் என்று அரசரிடம் கேட்டீரா?"

"கேட்டால் என் பதவி போய்விடும், அம்மை."

"போகட்டும். அப்போதாவது உமக்குக் குளிரும்."