ஊசி தாண்டும் இடம்

தெய்வநாயகத்துக்குப் பாட்டு கேட்காமல் போய் வெகுநாளாகிவிட்டது. காதில் கோளாறு ஒன்றும் இல்லை. காது அளவுக்கு மேல் கூர்மையாகிப் போனதுதான் கோளாறு.

மேலப்பாளையத்தில் ஒரு தையல்கடைக்கு மேல் மாடியில் ஜமீலா, இசைத்தட்டு ஓடும் பழைய டர்ன்டேபிள்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் வேலை கற்க வந்தபோதே தெய்வநாயகத்துக்குத் தலை நரைத்திருந்தது. அவருடைய மூத்த மகள் வயதுதான் அவளுக்கு இருக்கும். விளையாட்டாக அவளை ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார், அது ஒட்டிக்கொண்டது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

பம்புசெட் கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு மனுஷர் அலையாத இடமில்லை. ஊட்டியில் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறார்கள் என்றால் அங்கே ஓடுவார். காரைக்குடியில் பழைய சாமான் கடைக்காரர் போன் போட்டால் சோற்றில் கைவைத்தவர் எழுந்து போவார். கொண்டுவந்ததைத் துடைப்பார், பிரிப்பார், எண்ணெய் போடுவார், மரப்பெட்டிக்கு மெருகு ஏற்றுவார். கட்டிலுக்கு அடியிலும் டர்ன்டேபிள், பீரோவுக்கு மேலேயும் டர்ன்டேபிள். என்றைக்காவது ஒருநாள் தன்னையும் துணி போட்டு மூடி வைத்துவிடுவார் என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்தனை பாடும் பாட்டுக்காகத்தான். ஆனால் எல்லாம் முடித்து, ரெக்கார்டைப் போட்டு, ஊசியை இறக்கினால் அவருக்குக் கேட்டது மோட்டாரின் முனகல். அது அடங்கினால் பெல்ட் உரசும் சத்தம். அதுவும் அடங்கினால், சத்தம் அடங்கிவிட்டதா என்ற சந்தேகம். பாதிப் பாட்டில் ஊசியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்.

ஜமீலாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் ஒரு மெஷினை முடித்து நிமிரும்போது ஒன்றே ஒன்று கேட்பாள்.

“என்ன பாட்டு ஓடிச்சு, அண்ணாச்சி?”

அவர், இரைச்சல் துளிகூட இல்லை என்பார். வேகம் அசையாமல் நிற்கிறது என்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு டீ வாங்கிவரச் சொல்லிக் கீழே குரல் கொடுப்பாள். கேட்டதற்கு இது பதில் இல்லையே என்று அவள் சொன்னதும் கிடையாது, அவருக்குத் தோன்றியதும் கிடையாது.

அன்று வெயில் ஏறிய பிறகு அவர் மாடிப்படி ஏறி வந்து, விசிறிக்கு நேரே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் விற்றுவிடப் போகிறேன் என்றார். சேர்த்ததும் போதும், செப்பனிட்டதும் போதும், உடம்பைவிட மனசு அலுத்துப் போச்சு என்றார். ஜமீலா ஒரு ஊசி முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அன்று கண் எரிச்சல், மணிக்கட்டு வலி.

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். ஒரு பாட்ட, ஒரே ஒரு பாட்ட, நான் முழுசா எப்ப கேப்பேன்?”

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறிவரும் சத்தம் கேட்டது.

வந்தது பாளையங்கோட்டை கிருபையம்மாள். அவர் டர்ன்டேபிளைப் போன வாரம்தான் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து அவர் தம்பி எப்போதோ கொண்டுவந்து கொடுத்த மெஷின். பெல்ட் இளகிப்போய்த் தட்டு சுற்றாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான் பழுது. ஜமீலா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் தெய்வநாயகம் தனியாகவே பார்த்தார். பெல்ட்டை மாற்றி ஓடவிட்டபோது வேகம் குறைவாக இருந்தது. அமெரிக்கக் கரண்டுக்குச் செய்த மெஷின் நம் ஊர்க் கரண்டில் இழுத்து இழுத்துத்தான் ஓடும். மோட்டார் தலையில் பெல்ட்டைச் சுழற்ற விரல் நுனி அளவுக்கு ஒரு புல்லி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் பருத்த புல்லியாகக் கடைந்து வாங்கிப் போட்டார். வேகம் கச்சிதமாக வந்து நின்றது. இத்தனை வருஷமும் அந்த வீட்டில் தப்பாகவே பாட்டு கேட்டிருக்கிறார்கள் பாவம் என்று அன்றைக்கு அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

கிருபையம்மாள் தண்ணீர் வாங்கிக் குடித்தார். சண்டைக்கு வந்தவர் மாதிரி தெரியவில்லை. சண்டை போடத் தெம்பில்லாதவர் மாதிரி இருந்தார்.

“பழையபடியே ஆக்கிக் குடுத்துருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

பழையபடி ஓடியது தப்பு அம்மா, இப்போதுதான் சரி என்று தெய்வநாயகம் விளக்க ஆரம்பித்தார். பையிலிருந்து தன் அட்டையை எடுத்துக் காட்டினார். நம் ஊர்க் கரண்டுக்கென்றே புள்ளிகள் அச்சிட்ட வட்ட அட்டை அது. சுற்றும் தட்டின் மேல் வைத்துக் குழல்விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருக்கும்போது புள்ளிகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். அது இல்லாமல் அவர் எங்கும் போகமாட்டார். கிருபையம்மாள் அட்டையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜமீலாவிடம் திரும்பிக்கொண்டார்.

அவர் கணவர் இஸ்ரவேலுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. தண்ணீர் என்று கேட்க வராது. மனைவி பேரைச் சொல்ல வராது. ஆனால் சாயந்தரம் அந்த ஒரு ரெக்கார்டைப் போட்டால் கூடவே பாடுவார். சொல் ஒன்று சிதையாமல் பாடுவார். டாக்டரே வந்து பார்த்துவிட்டு, இப்படியும் உண்டு, விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். மெஷின் சரியாகி வந்த பிறகு அந்தப் பாட்டும் நின்றுவிட்டது.

“ஒசரமாப் போகுது, வேகமாப் போகுது. ரெண்டு நாள் கூடவே ஓடிப் பாத்தாவ. பெறவு மொகத்தத் திருப்பிக்கிட்டாவ. அவுக சத்தம்னு வீட்ல இருந்ததே அது ஒண்ணுதான்.”

தெய்வநாயகத்தின் கையிலிருந்த அட்டை மெதுவாகக் கீழே இறங்கியது. அவருக்கு வெட்கமாக இருந்தது. சரியாகச் செய்துவிட்டு வெட்கப்பட வேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது.

உங்கள் வீட்டுக்காரர் பாடுவதைப் பற்றி நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முனகினார். நீங்கள் கேட்கவில்லையே என்று கிருபையம்மாள் சொன்னார், குற்றம் சொல்வதுபோல் அல்ல, சும்மா சொன்னார். ஜமீலா, தான் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், இதையேதான் செய்திருப்பேன் என்றாள். வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்கே வருகிறோம் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தாள்.

கழற்றிய புல்லி எங்கே என்று கேட்டாள். கழிவு டப்பாவில் எறிந்திருந்தார். தரையில் செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்து, துருப்பிடித்த திருகுகளுக்கும் வெடித்த ரப்பர்களுக்கும் நடுவே இருவரும் குனிந்து தேடினார்கள். கிடைத்ததும் தெய்வநாயகம் அதைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் போட்டார். அட்டையையும் எடுக்கப் போனபோது ஜமீலா தன் டீ தம்ளரை அதன் மேல் வைத்தாள்.

“இது இங்கன கெடக்கட்டும்.”

“அப்ப சரியாயிட்டான்னு எப்படித் தெரியும்?”

“அவரு வாயப் பாருங்க.”

பாளையங்கோட்டையில் இஸ்ரவேல் ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்திருந்தார். வலது கை மடியில் தன்பாட்டுக்குக் கிடந்தது. வந்தவர்களைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்துக்கொண்டார். தெய்வநாயகம் பழைய புல்லியை மாட்டினார். தப்பென்று தெரிந்த ஒன்றைத் தன் கையால் மாட்டுவது, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது அவருக்கு.

ரெக்கார்டு சுற்றியது. ஒரு படகுக்காரன் பாட்டு. பாடகரின் குரல் கனத்து, இழுத்து, தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் வந்தது. தெய்வநாயகத்துக்குப் பல் கூசியது. அட்டையைத் தேடிக் கை பைக்குள் போய்விட்டு வெறுமனே திரும்பியது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் இஸ்ரவேலின் வாயைப் பார்த்தார்.

முதலில் தாடை அசைந்தது. பல்லவி இரண்டாவது முறை வரும்போது உதடு பிரிந்தது. அடியிலிருந்து எழும்பிய ஒரு குரல், ரெக்கார்டின் குரலுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு குரலும் ஒரே உயரத்தில் இருந்தன. கிருபையம்மாள் அடுக்களை வாசலில் கையில் கரண்டியோடு நின்றுவிட்டார்.

சரணம் வந்தது.

‘ஆத்துல தண்ணி வந்தா, அக்கரைக்கு யாரு வருவா’ என்று ரெக்கார்டு பாடியது.

‘ஆத்துல தண்ணி யாரு வருவா’ என்று இஸ்ரவேல் பாடினார்.

அவர் முந்திக்கொண்டு போய்விட்டார். ரெக்கார்டு பின்னால் வந்தது. இரண்டும் சேரவில்லை. அவர் நிறுத்தினார், திகைத்து மெஷினைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். கிருபையம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட அவருக்கு அலுப்பாக இருந்தது போலும்.

தெய்வநாயகம் ஜமீலாவைப் பார்த்தார். அவள் சுவரில் சாய்ந்து மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தாள். 

அவர் ரெக்கார்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அந்தச் சரணத்தின் குறுக்கே ஒரு கீறல். முன்பெல்லாம் ஊசி அங்கே வந்ததும் குதித்திருக்கும். இத்தனை வருஷம் அது குதித்த இடத்தில் இவரும் கூடவே குதித்துப் பழகியிருக்கிறார். தெய்வநாயகம் போன வாரம் ஊசி குதிக்கக்கூடாதென்று, ஊசி பிடித்திருக்கும் கையின் பின்பக்கம் இருக்கும் எடையை அளந்து சரிசெய்திருந்தார். யாரும் சொல்லாமல், தன் இஷ்டத்துக்குச் செய்த வேலை அது.

ஊசியின் அழுத்தம் குறைந்து மறுபடி குதிக்கட்டும் என்று எடையைத் திருகிப் பின்னால் தள்ளினார். கற்றுக்கொண்ட பாடமெல்லாம் சேர்ந்து அவர் விரலைப் பிடித்து இழுத்தது. ஊசி குதிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். இந்தத் தடவை கண்டபடி குதித்து ஒரு சரணத்தையே விழுங்கிவிட்டது. இதற்கு அளவு கிடையாது, எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எந்தச் சொல்லில் கால் வைத்து எந்தச் சொல்லில் இறங்க வேண்டும் என்பது ஒன்றுதான் கணக்கு. அதற்காக ஒவ்வொரு தடவையும் ஊசியை முதலிலிருந்து வைத்து, ஆறு, தண்ணீர், படகு என்று சொல் சொல்லாகப் பின்தொடர வேண்டியிருந்தது. வேர்த்து ஊற்றியது. நடுவில் கிருபையம்மாள் விசிறியின் வேகத்தைக் கூட்டியதும், தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துப் போனதும் அவருக்குத் தெரியாது.

‘ஆத்துல தண்ணி’ என்றது ரெக்கார்டு. ஊசி டொக்கென்று குதித்தது.

‘யாரு வருவா’ என்று இஸ்ரவேல் அதனோடு சேர்ந்து இறங்கினார்.

நிற்காமல் போனார். அடுத்த சரணத்துக்குப் போனார். கடைசிப் பல்லவியில், கேட்பாரற்றுக் கிடந்த வலது கையின் ஒரு விரல் தாளத்துக்கு லேசாக ஆடியது, அல்லது விசிறிக் காற்றில் அப்படித் தெரிந்தது. கிருபையம்மாள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பாட்டு முடிந்து ஊசி வெற்று வரியில் சரசரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தெய்வநாயகத்துக்குத் தோன்றவே இல்லை. கடைசியில் ஜமீலாதான் எழுந்து வந்து எடுத்தாள்.

இருட்டுவதற்கு முன் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது தெய்வநாயகம் தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆற்றில் தண்ணீர் வந்த வரியைத்தான், அதுவும் அந்தக் குதிப்போடு. பாதி வழியில் பிரேக் போட்டதுபோல் நின்றார்.

“டீச்சர், கடேசியா ஓடுனப்ப மோட்டார் சத்தம் ஏதாச்சும் இருந்துச்சா? வேகம் ஆடாம நின்னுச்சா? நான் கவனிக்கவே இல்ல.”

ஜமீலா அவருக்காக நின்றாள். களைத்துப்போன முகம்தான், ஆனால் சிரித்தாள்.

“எனக்கெப்படித் தெரியும், அண்ணாச்சி? நானும் பாட்டுல்லா கேட்டுக்கிட்டிருந்தேன்.”