பிண வேஷம்

"மேடம், நான் இங்க நடிக்க வந்தேனா, படுக்க வந்தேனா?"

பரிதி கேட்டது நியாயமான கேள்விதான்.

ரெஜினா பாயைக் காட்டினாள்.

"படுங்க."

படுத்தான். வேறென்ன செய்வான்?

வளசரவாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி, தகரக் கூரை. அதற்குக் கீழேதான் ரெஜினாவின் நடிப்புப் பள்ளி. ரெஜினா ஒன்றும் தலை நரைத்த குருவல்ல. பரிதியைவிட ஒரு வயது சின்னவள். ஆனால் பாவாடை கட்டத் தெரியாத வயசிலேயே சினிமாவில் நடித்து ஊரையே அழவைத்தவள். அப்புறம் வளர்ந்துவிட்டாள், சினிமா அவளை மறந்துவிட்டது. இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

சொல்லிக்கொடுக்கிறாள் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். வாயைத் திறந்தால்தானே.

அவள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் வந்து சேர்ந்தாலும் முதலில் பிணமாகப் படுக்க வேண்டும். நடுவில் ஒரு பாய். மற்றவர்கள் அண்ணனாக, காதலியாக, பக்கத்து வீட்டுக்காரராகச் சுற்றி நின்று அழுவார்கள், அடித்துக்கொள்வார்கள், சொத்துக்குச் சண்டை பிடிப்பார்கள். படுத்திருப்பவருக்கு வசனம் கிடையாது.

எல்லாரும் கொஞ்ச நாள் படுத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். பரிதி மட்டும் போன வருஷத் தீபாவளியிலிருந்து படுத்தே கிடக்கிறான். அவனுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவன் தலைமாட்டில் நின்று பக்கம் பக்கமாக வசனம் பேசுகிறார்கள். எரியுமா, எரியாதா?

இத்தனைக்கும் அவன் சும்மா வந்தவனில்லை.

சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்பாவுக்கு மோட்டார் பம்பு கடை. இன்ஜினியரிங் முடித்த கையோடு, சினிமாதான் என்று சென்னைக்கு பஸ் ஏறினான். ஷூ தேயத் தேய ஒவ்வொரு சினிமா கம்பெனியாக ஏறி இறங்கினான். முதல் படத்தில் கதாநாயகனுக்குப் பின்னால் கூட்டத்தில் நின்று சிரித்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் தியேட்டருக்குப் போய்த் தேடிவிட்டு, எங்கடா இருந்த என்று போன் போட்டார்கள். அடுத்த படத்தில் வசனம் கொடுத்தார்கள். படம் வந்தபோது அந்த சீனையே காணோம்.

அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் உருப்படியாக ஒன்று நடக்கவில்லை என்றால், மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து கடையில் உட்கார வேண்டும். மார்கழி பிறந்துவிட்டது.

இந்த லட்சணத்தில், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ரெஜினா அவனைக் கூப்பிட்டாள்.

"ஒரு டைரக்டர் பிணம் கேக்கறார். போயிட்டு வாங்க."

வந்த கோபத்துக்கு அவன் மாடியிலிருந்து குதித்திருக்கலாம். படியிறங்கித்தான் போனான்.

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. படமே அந்தப் பிணத்தைப் பற்றியதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புது ஷூ போட்டுக்கொண்டு போன மகன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். அம்மா அழுகிறாள். அங்கேதான் கதை ஆரம்பம். இந்த சீன் நல்லபடியாக வந்துவிட்டால், மகன் உயிரோடு இருந்த பழைய கதை முழுக்க பரிதிக்குத்தான் என்றார் டைரக்டர். நடக்கலாம், சிரிக்கலாம், வாய் வலிக்கப் பேசலாம். டைட்டிலில் பெயர் வரும்.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னான். பார்ப்போம் என்றார் அவர். அவர் வாயிலிருந்து அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

படப்பிடிப்பு பூந்தமல்லி பக்கம் ஒரு வாடகை வீட்டில். கூடத்தில் பெஞ்சு போட்டு, அவனைக் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மூக்கில் பஞ்சு வைத்தார்கள். அம்மா வேஷத்துக்கு லோகநாயகி. நாடகக் கம்பெனியில் அழுது அழுது தேறியவர்.

பரிதி விடுவானா? கிடைத்த ஒரே வாய்ப்பு. செத்தவன் முகத்தில் ஒரு நிறைவேறாத கனவு தெரிய வேண்டும் என்று முடிவு பண்ணி, புருவத்தை லேசாகச் சுருக்கினான். உதட்டோரம் ஒரு வலியைக் கொண்டுவந்தான். கன்னத்தில் லைட் விழுகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கண்ணை மயிரிழை திறந்தும் பார்த்துக்கொண்டான்.

டைரக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"தம்பி, நீங்க செத்துட்டீங்க. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதனால் அடுத்த முறை இன்னும் ஆழமாகச் செத்தான். தாடை இறுகியது. கழுத்து நரம்பு எழும்பியது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். லோகநாயகி மட்டும் அலுக்காமல் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து அழுதார். கடைசியில் வெளிச்சம் போய்விட்டது. மிச்சத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மூட்டை கட்டினார்கள்.

நேரே ரெஜினாவிடம் வந்தான். கொட்டித் தீர்த்தான். பெஞ்சு முதுகில் குத்துகிறது, ஈ மூக்கில் உட்காருகிறது, கேமராவை எங்கோ கால்பக்கம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள், முகமே சரியாக விழாது. மூச்சை எப்படி அடக்குவது, கண்ணிமை துடிக்காமல் இருக்க என்ன வழி, அதையாவது சொல்லித்தரக் கூடாதா என்று கேட்டான்.

ரெஜினா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா என்ன சொல்லி அழுதாங்க?"

"எந்தம்மா?"

"உங்க அம்மா."

பரிதி யோசித்தான்.

"எல்லாரும் அழற மாதிரிதான் மேடம். மகனே, ராசான்னு."

"என்ன சொல்லி?"

"அது அவங்க வசனம். எனக்கெப்படித் தெரியும்?"

அவள் கடைசிப் பாயையும் சுருட்டிச் சுவரில் சாய்த்தாள்.

"நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டாள். மூச்சுக்கு வழி கேட்டால் அடுத்தவர் வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரச் சொல்கிறாள். இவளையெல்லாம் குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று அவனுக்கு வயிறெரிந்தது.

சரி, கேட்கிறேன். கேட்டு, ஒரு எழுத்து விடாமல் வந்து இவள் மூஞ்சியில் ஒப்பிக்கிறேன். அந்த வீம்போடுதான் மறுநாள் போய்ப் பெஞ்சில் படுத்தான்.

லோகநாயகி ஆரம்பித்தார். பரிதி காதைத் தீட்டிக்கொண்டான்.

குரல் காலடியிலிருந்து வந்தது. நேற்று முழுக்க அந்தம்மா எங்கே உட்கார்ந்திருந்தார் என்றே அவனுக்குத் தெரியாது. தன் தலைமாட்டில் என்று நினைத்திருந்தான்.

மகனே என்றும் சொல்லவில்லை, ராசா என்றும் சொல்லவில்லை. அழக்கூட இல்லை. திட்டிக்கொண்டிருந்தார்.

"புது ஷூ கடிக்கும்னு சொன்னேனா இல்லையா? தேங்காண்ணெ வச்சுட்டுப் போடான்னா, நேரமாச்சு நேரமாச்சுன்னு ஓடின. இப்ப எங்க போறதுக்குடா அவ்வளவு அவசரம்? எங்க, காட்டு. எந்த இடத்துல கடிச்சுது?"

சொல்லிக்கொண்டே அவன் கால்களை மடியில் எடுத்து வைத்துக் குதிகாலைத் தடவினார். நேற்று ஒவ்வொரு தடவையும் இந்த இடத்துக்கு வருவதற்குள்ளேயே கட் ஆகியிருந்தது. தடவிய கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

அங்கே நிஜமாகவே புண் இருந்தது. கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியதில் ஷூ கடித்து, ஆறி, மறுபடி கடித்த புண். சென்னைக்கு வந்த நாளிலிருந்து அவன் முகத்தைப் பார்த்தவர்கள் உண்டு. உயரத்தைக் கேட்டவர்கள் உண்டு. காலை யார் பார்த்தார்கள்?

"இவ்வளவு கடிச்சிருக்கே. சொல்லக் கூடாதா?" என்றார் லோகநாயகி, மெதுவாக.

பரிதிக்குப் புருவம் மறந்துபோயிற்று, லைட் மறந்துபோயிற்று. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"கட்."

டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து கண்ணைத் திறந்து பார்த்துச்சு. இன்னிக்கு அழுவுது. நாளைக்கு எழுந்து காபி கேக்குமா?"

முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். எங்க, காட்டு என்று அந்தம்மா கேட்டதும் மறுபடி வழிந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டு பார்த்தான், பல்லைக் கடித்துப் பார்த்தான், மனதுக்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தான். சனியன், நிற்கவே இல்லை. ஆயுசில் முதல்முறையாக நிஜமாக அழுகை வருகிறது, அதுவும் எந்த இடத்தில் வரக் கூடாதோ அந்த இடத்தில். சொன்னால் யார் நம்புவார்கள்?

கடைசியில் டைரக்டர் தன் உதவியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, பரிதியின் சட்டையைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொன்னார். அந்த ஆள் கட்டைபோலக் கிடந்தான். ஒரே டேக்கில் முடிந்தது. பிணம் எந்த முகமோ பழைய கதையும் அந்த முகத்துக்குத்தான். நடை, சிரிப்பு, வசனம், டைட்டிலில் பெயர், எல்லாம் அந்த உதவியாளருக்குப் போய்விட்டது.

பரிதி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வாசலில் மேனேஜர் மறித்தார்.

பிணமாகப் படுத்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். சினிமாவில் அது சம்பிரதாயம். சிரிக்காமல் போனால் ஆளுக்கு ஆகாது, படத்துக்கும் ஆகாது.

"சிரிச்சுட்டுப் போப்பா" என்றார் மேனேஜர்.

சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? மொத்த யூனிட்டும் சாப்பாட்டுக்குப் போகாமல் அவன் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவன் உதட்டை இழுத்தான். வரவில்லை.

லோகநாயகி நடந்து வந்தார். கையில், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் பாட்டில்.

"இதை வச்சுக்க தம்பி. நிஜமாவே கடிச்சிருக்கு."

பரிதி பாட்டிலைப் பார்த்தான். வாழ்க்கையே கைநழுவிப் போன அன்றைக்கு, கையில் வந்து சேர்ந்தது தேங்காய் எண்ணெய். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. கேமரா அதைப் பிடித்துக்கொண்டது. மேனேஜர், போதும் போதும் என்று கையைக் காட்டினார்.

வளசரவாக்கம் வந்து சேர்கிறவரைக்கும் சிரிப்பெல்லாம் வற்றி, மிஞ்சியது ஆத்திரம்தான். மாடிப்படி ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டான். மேலே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"உங்களாலதான் மேடம் போச்சு. நேத்து மாதிரி என் பாட்டுக்குக் கிடந்திருந்தா எப்படியாவது முடிஞ்சிருக்கும். கேளுங்க கேளுங்கன்னீங்க. கேட்டேன். பொங்கலுக்கு நான் பம்பு விக்கப் போறேன். திருப்தியா?"

ரெஜினா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன சொல்லி அழுதாங்க?"

இது என்ன ஜென்மம் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றே நினைத்தபடி மூஞ்சியில் ஒப்பித்துவிடுவது என்று கத்தலாகவே ஆரம்பித்தான்.

"புது ஷூ கடிக்கும்னு சொன்னேனா இல்லையா..."

தேங்காண்ணெய்க்கு வரும்போது சத்தம் பாதியாயிற்று. இப்ப எங்க போறதுக்குடா அவ்வளவு அவசரம் என்பதைக் கேட்டபோது கோபம் இருந்த இடமே தெரியவில்லை. எங்க, காட்டு என்றான். தரையைப் பார்த்துச் சொன்னான். அங்கே ஒரு கால் இருப்பதுபோலக் கையை நீட்டிச் சொன்னான்.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பரிதி ஒப்பித்து முடித்தான். பையை மூலையில் போட்டான். பாய் காலியாகத்தான் கிடந்தது. பழக்க தோஷம், போய்ப் படுத்துக்கொண்டான்.

"அங்க எதுக்குப் படுக்கறீங்க?" என்றாள் ரெஜினா. "எழுந்திரிங்க."

எழுந்தான்.

"அப்ப பிணம் யாரு மேடம்?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

ரெஜினா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பாயில் மல்லாந்து படுத்து, கால்களைச் சேர்த்து நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"ம், ஆரம்பிங்க."