துண்டுக்குள் ஒரு விலை

அந்தக் காலத்தில், மாடுகளும் மனிதரைப் போலவே பேசிய நாளில், சந்தையில் விலையைச் சத்தமாகத்தான் சொல்வார்கள். காசு இன்னும் வரவில்லை. மாட்டுக்குக் கம்பு, கம்புக்கு உப்பு என்று மாற்றிக்கொள்வதுதான் வியாபாரம். மாடும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை.

ஒரு வருஷம் மழை பெய்யவில்லை. சடையன் என்ற குடியானவன் வீட்டில் அடுப்பு எரிந்து நாலு நாளாகிவிட்டது. பத்து மூட்டைக் கம்பு கிடைத்தால் அடுத்த மழை வரைக்கும் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும். அவனிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மயிலைக் காளை.

"என்னைய வித்துருங்கண்ணா," என்று மயிலையேதான் சொன்னது. "பிள்ளைக அழுவறதக் கேக்க முடியலீங்க."

சந்தையில் நாச்சியப்பன் என்ற பண்ணைக்காரர் அதன் பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார். "வயசாயிருச்சு. ஏழு மூட்டை தாரேன்."

"இன்னும் நாலு வருஷம் கெணத்துல தண்ணி எறைப்பனுங்க," என்றது மயிலை. தன் பெருமையைத் தானே பேச அதற்குக் கூச்சம்தான். ஆனாலும் பத்து மூட்டை ஆக வேண்டுமே.

நாச்சியப்பன் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்தார். சடையனுக்குப் பதறிவிட்டது. "ஏழுக்கே புடிச்சுக்குங்க. என்ற வீட்டுல நின்னா இது தீனிக்குத்தான் கேடு," என்று சொல்லிவிட்டான்.

விற்கிறவன் அவசரத்தில் சொல்கிற பேச்சு. மயிலைக்கும் அது தெரியும். தெரிந்தும் வலித்தது.

"கேடுங்களாண்ணா?" என்று கேட்டது. பிறகு வாயைத் திறக்காமல் அப்படியே படுத்துக்கொண்டது. கேட்டுக்கொண்டிருந்த மற்ற மாடுகளும் ஒவ்வொன்றாகப் படுத்தன. வாலை முறுக்கியும் ஒன்றுகூட எழவில்லை. பொழுது சாயும்வரை சந்தையில் ஒரு வியாபாரமும் நடக்கவில்லை.

சடையன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாது. திரும்பவும் நாச்சியப்பனிடம் போய் அவர் கையைப் பிடித்தான். மயிலை பார்க்கிறதே என்று வெட்கப்பட்டு, மேல்துண்டால் இரண்டு கைகளையும் மூடினான். ஒன்றும் பேசாமல் அவருடைய ஐந்து விரல்களைச் சேர்த்து அழுத்தினான். மறுபடியும் ஐந்தையும் அழுத்தினான். அவருக்கும் மாடு இல்லாமல் உழவு இல்லை. தலையை ஆட்டினார்.

மயிலை எழுந்தது. பிள்ளைகளுக்காகத்தான் எழுந்தது. சடையனைத் திரும்பிப் பார்க்காமல் புது ஆளின் பின்னால் நடந்தது.

அன்று முதல்தான் மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லாமல், துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுகிறோம். மாடுகளும் நம்மோடு பேசுவதை விட்டுவிட்டன; நாம் பேசுவதை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.