பக்கம் மாறிய தலைவலி

முன்னொரு காலத்தில் மாந்துறை என்றொரு நாடு இருந்தது. நாடு மாம்பழத்துக்குப் பெயர்போனது. அதை ஆண்ட விசயகேது மகாராஜாவோ முன்கோபத்துக்குப் பெயர்போனவர். நல்ல மனுஷர்தான். ஆனால் தலைவலி வந்துவிட்டால் எதிரே நிற்பவர் பாடு திண்டாட்டம்.

கொஞ்ச காலமாக அந்தத் தலைவலி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது. இடப்பக்கப் பிடரியில் சுருக்கென்று தொடங்கும். காதுக்குப் பின்னால் ஏறி, இடது கண்ணுக்கு மேலே வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "ஜுரமில்லை, வேறு கோளாறும் இல்லை" என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டார். பற்று காய்ந்து மடியில் உதிர்ந்ததுதான் மிச்சம்.

அந்த அவையில் பூவராகர் என்று ஒரு பிரபு. சிம்மாசனத்தின் இடப்பக்கம் நின்று ராஜாவின் காதோடு பேசும் உரிமை அவருக்கு மட்டும்தான், பரம்பரை மரியாதை. மந்திரி திருவம்பலரைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மந்திரி வாயைத் திறந்தால் போதும், இவர் ராஜாவின் காதைக் கடிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒருநாள் மந்திரி வாய்க்கால் தூர்ந்துபோனதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ராஜா "ஐயோ!" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா மகாராஜா?" என்றார் பூவராகர், இந்த முறை எல்லாருக்கும் கேட்கும்படி. "மந்திரியார் பேசும்போதுதான் தங்களுக்கு வலி வருகிறது. அவர் குரலே தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை."

ராஜா யோசித்தார். நேற்றும் மந்திரி பேசினார், வலித்தது. முந்தாநாளும் அதே கதைதான்.

"ஓய் திருவம்பலரே, இது உண்மைதானய்யா! பௌர்ணமிக்குள் என் வலி தீர வழி சொல்லும். இல்லையென்றால் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய்விடும்!"

மந்திரி யோசித்துக்கொண்டே அவையை விட்டு வந்தார். பூவராகர் சொன்னது பொய்யென்றால் மறுத்துவிடலாம். உண்மையாக அல்லவா இருக்கிறது! வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தார், சோறு இறங்கவில்லை. அவையில் தான் நிற்பதையும் பேசுவதையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பேசும்போது ராஜாவின் முகத்தை எப்போது பார்த்தோம்? பார்த்ததே இல்லை. எப்போதும் ராஜாவின் வலது காதைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறோம்! மந்திரி சட்டென்று நிமிர்ந்தார். மனைவியிடம் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டார்.

மறுநாள் அவையில் கைகூப்பி நின்றார். "மகாராஜா, பௌர்ணமி வரை தினமும் நானே பேசுகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். அதுவரை பூவராகர் வலப்பக்கம் நிற்கட்டும்."

"எந்தப் பக்கம் நின்றால் என்ன? குரல் அதே குரல்தானே!" என்று சிரித்தார் பூவராகர்.

மந்திரி பேசினார். உப்பளம், யானைத் தீவனம், எல்லைத் தகராறு என்று பேசிக்கொண்டே போனார். பூவராகரும் சளைக்கவில்லை, வலது காதில் இரட்டிப்பு உற்சாகத்தோடு ஓதினார். பௌர்ணமியும் வந்தது.

"ஐயோ, மண்டை தெறிக்கிறதே!" என்று ராஜா அலறினார்.

"எந்தப் பக்கம், மகாராஜா?" என்று கேட்டார் மந்திரி.

ராஜா கையைத் தூக்கினார். கை போய் நின்றது வலப்பக்கம்.

"நான் எதிரே அதே இடத்தில்தான் நிற்கிறேன். என் குரலும் மாறவில்லை. வலி மட்டும் ஏன் பக்கம் மாறியது?"

 பூவராகருக்கு முகம் வெளிறியது.

"பொழுதெல்லாம் ஒரே பக்கம் திரும்பிச் சாய்ந்திருந்தால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வலி கிளம்புவது கழுத்திலிருந்து, பழி விழுந்தது தலைமேல்" என்றார் மந்திரி. பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "பூவராகர் சொன்னார், அவ்வளவுதான். சாய்ந்தது தங்கள் கழுத்து, மகாராஜா."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. கோபப்பட வாயெடுத்தார், வெட்கம் முந்திக்கொண்டது.

மந்திரி சொல்லியனுப்ப, கழுத்தை நீவிவிட மல்யுத்தப் பள்ளி ஆசான் சடையன் வந்தார். பிடரியைத் தொட்டதும், "என்ன சாமி, தாம்புக்கயிறு மாதிரி இருக்கு!" என்றார். வெதுவெதுப்பான எண்ணெய் தடவி, எலும்பும் தசையும் அறிந்து பதமாக நீவினார். "வெடுக்குன்னு திருப்பக் கூடாது சாமி, ஆபத்து. மெதுவாத்தான் வழிக்கு வரும். நிமிர்ந்து உட்காருங்க. நடுநடுவே எழுந்து நடங்க. தண்ணி நிறையக் குடிங்க. ராத்திரி உருட்டுற பகடையை மூட்டை கட்டிட்டு நேரத்தோட தூங்குங்க."

ராஜா முனகிக்கொண்டே எல்லாம் செய்தார். வலி ஒரேயடியாக ஓடிவிடவில்லை. முதலில் குறைந்தது, பிறகு எப்போதாவது வந்தது, பிறகு அதுவும் நின்றது.

வலி நின்ற அன்று ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். பூவராகரைத் தமக்கு நேர் எதிரே, மந்திரிக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"ம், சொல்லும். மந்திரியாரைப் பற்றி என் காதில் சொன்னதையெல்லாம் இங்கே நின்று சொல்லும்."

பூவராகர் மந்திரியைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "இன்றைக்கு... வெயில் கொஞ்சம் அதிகம், மகாராஜா."

அவை குலுங்கிச் சிரித்தது. ராஜா அவரைத் தண்டிக்கவில்லை, பதவியையும் பறிக்கவில்லை. யாரைப் பற்றி எது சொன்னாலும் அந்த ஆளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, உரக்கச் சொல்ல வேண்டும் என்று மட்டும் உத்தரவிட்டார். அன்று முதல் மாந்துறை அவையிலேயே வாய் பேசாத பரம சாது யாரென்றால், நம் பூவராகர்தான்.