சார்ஜரைக் கழற்றிய பிறகு

அர்த்தநாரி முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்து வீடாக மாற்றினார். மனைவி சாரதாமணியோடு நாற்பது நாளில் காஷ்மீர் போய்வரத் திட்டம். எந்தத் தேதியில் எந்த ஊர் என்று அட்டவணை போட்டு வேன் கதவிலேயே ஒட்டிவிட்டார். வாத்தியார் புத்தி எங்கே போகும்!

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். சாரதாமணிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அதற்கென ஒரு மிஷின் உண்டு. முகத்தில் மாட்டிக்கொண்டால் விடியும்வரை காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வேனில் அந்த மிஷின் ஓட வேண்டியது கட்டிலுக்கு அடியில் இருக்கும் இரண்டு பேட்டரிகளை நம்பித்தான்.

அதனால் பெருந்துறை சாலையில் பட்டறை வைத்திருக்கும் சுகந்தியிடம் பேட்டரி வேலை கற்றுக்கொள்ளப் போனார். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. சினிமாக்காரர்களின் கேரவன்களுக்கு வயரிங் செய்து பழகியவள். எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லமாட்டாள். ஸ்பேனரையோ மீட்டரையோ எடுத்து அவர் கையில் கொடுப்பாள். முதலில் அவருக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துப்போனது.

மூன்று வாரத்தில் பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவவும், ஃபியூஸ் மாற்றவும், டிஸ்டில்டு வாட்டரை அளவு பார்த்து ஊற்றவும் தேறிவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை வேன் பட்டறை வாசலில் நின்றது. சாரதாமணி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, பேட்டரி நெறஞ்சிருச்சு. நாளைக்குக் கெளம்பிரலாமுங்களா?" என்றார் அர்த்தநாரி சுகந்தியிடம்.

சுகந்தி மீட்டரை நீட்டினாள். அவர் வைத்துப் பார்த்தார்.

"பதிமூணு புள்ளி ஆறு வோல்ட்டு. ஃபுல்லுக்கு மேலயே இருக்குது."

"சார்ஜர் மாட்டியிருக்குதுங்களா சார்?"

"இருக்குது."

"கழட்டிட்டுப் பாருங்க."

கழற்றினார். "பதிமூணு புள்ளி ஒண்ணு. இப்பவும் ஃபுல்லுதான்."

"ஒரு மணி நேரம் சும்மா கெடக்கட்டுங்க."

சும்மா இருப்பது பேட்டரிக்குச் சுலபமாக இருந்தது. அர்த்தநாரிதான் ஏழெட்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் பன்னிரண்டு புள்ளி மூன்று காட்டியது. ஃபுல்லுக்குப் பன்னிரண்டு புள்ளி ஏழு வேண்டும்.

"இப்ப மிஷினையும் ஃபேனையும் போடுங்க சார்."

போட்டார். எண் மளமளவென்று இறங்கிப் பதினொன்றரையில் வந்து நின்றது.

"இதை நம்பிப் போயிருந்தா?" என்றார் அவர்.

"பாதி ராத்திரியில மிஷின் நின்னிருக்கும்."

அவர் வேனுக்குள் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும் அவருக்கு.

"அப்பறம் எதுக்கு அத்தன நேரம் ஃபுல்லுன்னு பொய் காட்டுச்சு?"

"பொய் இல்லீங்க சார். சார்ஜர் மாட்டியிருக்கற வரைக்கும் மீட்டர்ல தெரியறது சார்ஜரோட பலம். கழட்டி, கொஞ்சம் ஆற விட்டாத்தான் பேட்டரி தன்னோடதைக் காட்டும்."

மதியத்துக்குள் புதிய பேட்டரிகள் வந்தன. மாட்டி, சார்ஜ் ஏற்றி, கழற்றி, ஆறவிட்டு, மிஷினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். எண் லேசாக இறங்கிப் பன்னிரண்டரையில் அசையாமல் நின்றது. அர்த்தநாரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேன் படியில் ஏறி மனைவியின் எதிரில் நின்றார்.

"சாரதா, இனி ஒரு கொறையும் இல்ல. நாளைக்குக் கெளம்பறோம். சம்மதந்தானே?"

"சம்மதந்தானுங்க. எனக்கென்ன, நல்லாத்தான இருக்கறேன்."

அவர் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மடித்த புடவையை உதறி மறுபடியும் மடித்தாள். காலையிலிருந்தே அவள் அதே புடவையை மடித்துக்கொண்டிருப்பதைச் சுகந்தி கவனித்திருந்தாள்.

"பாத்தீங்களா அம்மணி, அவளும் ரெடி."

"இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா சார்?"

"தெனமும் கேக்கறேன். தெனமும் இதே பதில்தான்."

"கேக்கும்போது நீங்க எங்க நிப்பீங்க?"

"எங்க நிப்பாங்க? இப்படித்தான், எதிர்ல."

சுகந்தி கழற்றி வைத்திருந்த சார்ஜரைத் தூக்கி அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

"இதை எடுத்துக்கிட்டு அந்த டயர் அடுக்கு மேல போய் உக்காருங்க சார். ஒரு மணி நேரம்."

"இதைய ஒரு ஓரமா வெச்சாப் போதாதா? நான் எதுக்குங்க?"

"போங்க சார்."

போனார். வேனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். சார்ஜர் மடியில் கனத்தது. சுகந்தி வேனுக்குள் ஏறும் சத்தம் பின்னால் கேட்டது. வெகுநேரம் சாலையில் லாரிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு வேன் ஜன்னல் வழியாகச் சாரதாமணியின் குரல் மெல்ல வந்தது.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு."

அர்த்தநாரி எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார். அவர் திரும்பவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை.