கண்ணை மூடிப் பேசிய இருவாச்சி

மலைக்காட்டில் நெடுமூக்கன் என்ற இருவாச்சிப் பறவை வாழ்ந்தான். அவன் மனைவி செம்பி, உயரமான மரப்பொந்துக்குள் குஞ்சோடு இருந்தாள். உடும்பு நுழையாதபடி பொந்தின் வாயைச் சேற்றால் அடைத்திருந்தார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விட்டிருந்தார்கள். குஞ்சு வளரும்வரை நெடுமூக்கன் கொண்டுவரும் பழம்தான் இருவருக்கும் சாப்பாடு.

ஒருநாள் அவன் தொண்டை நிறைய அத்திப்பழங்களை அடக்கிக்கொண்டு திரும்பினான். வழியில் துடுக்கன் என்ற குரங்கு தன் குட்டிகளோடு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே! பொறுப்பான அப்பா என்றால் இந்தக் காட்டில் நீங்கள்தான்! என் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்!" என்றான் துடுக்கன்.

நெடுமூக்கனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கிளையில் அமர்ந்து வாயைத் திறந்தான்.

"தந்தை என்பவன்..." பொத்தென்று ஒரு பழம் விழுந்தது. "தன் பிள்ளைக்காகவே..." பொத்! "வாழ வேண்டும்!" பொத்! பொத்!

பேசும்போது கண்ணை மூடிக்கொள்வது அவன் வழக்கம். கீழே குரங்குகள் பழம் பொறுக்கியதை அவன் பார்க்கவில்லை.

"பிரமாதம்! கடமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள், அண்ணே!" என்றான் துடுக்கன், மென்றுகொண்டே.

நெடுமூக்கன் விரிவாகவே சொன்னான். குரங்குகள் கைதட்டின. வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது.

"என்னங்க, பழம் எங்கே?" என்று கேட்டாள் செம்பி.

"வழியில் எங்கோ சிந்திவிட்டது. ஆனால் கைதட்டலை நீ கேட்டிருக்க வேண்டுமே! காடே அதிர்ந்தது!"

"அப்பா, கைதட்டலைக் கொத்திச் சாப்பிடணுமா, அப்படியே விழுங்கணுமா?" என்று கேட்டது குஞ்சு.

மறுநாளும் அதே கதைதான். அதற்கு மறுநாள் குஞ்சுக்குக் கத்தவும் தெம்பில்லை.

"நாளைக்கும் வெறும் வாயோடு வந்தால் இந்தச் சுவரை உடைத்துக்கொண்டு நானே இரை தேடப் போவேன்!" என்றாள் செம்பி.

பொந்துக்குள் இருந்த நாட்களில் அவள் இறகுகள் உதிர்ந்திருந்தன. அவளால் பறக்க முடியாது. சுவர் உடைந்தால் உடும்புக்குத்தான் விருந்து!

'நாளை சுருக்கமாகப் பேசிவிட்டு ஓடிவிட வேண்டும்' என்று நெடுமூக்கன் முடிவு செய்தான். மறுநாள் அவன் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு குரங்குக் குட்டியின் குரல் கேட்டது.

"அப்பா, இந்த மாமா ரொம்ப நல்லவர்! சொந்தப் பிள்ளைக்கு வைத்திருப்பதை எல்லாம் நமக்கே தந்துவிடுகிறாரே!"

"உஷ்! கண்ணைத் திறந்துவிடப் போகிறார்!" என்றான் துடுக்கன்.

நெடுமூக்கன் கண்ணைத் திறந்தான். குட்டிகளின் கன்னங்கள் பழத்தால் உப்பியிருந்தன. அவ்வளவும் அவன் குஞ்சின் சாப்பாடு! டப்பென்று வாயை மூடினான். மிஞ்சிய பழங்களோடு விருட்டென்று பறந்தான்.

"அண்ணே! முடிவுரை?" என்று கத்தினான் துடுக்கன்.

"ம்ம்!" என்றான் நெடுமூக்கன்.

இடுக்கு வழியாக ஒவ்வொரு பழமாக ஊட்டினான்.

"இன்றைக்கு என்ன பேசினீர்கள், அப்பா?" என்று கேட்டது குஞ்சு.

"ம்ம்!" என்றபடி அடுத்த பழத்தை நீட்டினான்.

காலம் ஓடியது. அந்தக் குஞ்சு வளர்ந்து, அவனும் ஒரு குஞ்சுக்கு அப்பாவானான். ஒருநாள் பழத்தோடு திரும்பும் வழியில் துடுக்கனின் மகன் அவனை மறித்தான். "அண்ணே, நாலு வார்த்தை..."

"ம்ம்!" என்று சொல்லி, நிற்காமல் பறந்தான் அந்த இருவாச்சி.

தந்தை பொறுப்போடு நடந்துகொண்டால், இன்று பிள்ளையின் வயிறும் நிறையும். நாளை அந்தப் பிள்ளையும் நல்ல தந்தையாகும்.