பல்லால் கட்டிய மாலை

1938-ஆம் ஆண்டு, தை மாதக் காலை. சென்னையில் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் பின்புறம், முருகன் கோயில் வாசலில் அமர்ந்து தணிகாசலம் அரளி மாலை கட்டிக்கொண்டிருந்தார். கட்டியதைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் போனார். ஆடுகளத்தைச் சமன்செய்யும் இரும்பு உருளையை இழுத்தார். வெள்ளைக்காரர்கள் மட்டை பிடித்துப் பழகப் பந்து வீசினார். தினமும் அப்படித்தான்.

ஆள் குறைந்த நாட்களில் அவரையும் அணியில் சேர்ப்பார்கள்.

"இன்னா நைனா, பூ கட்டற கையில விக்கெட்டு வருமா?" என்பார்கள் கூட ஆடுகிறவர்கள்.

"அவன் குடுத்தா வரும்" என்பார் தணிகாசலம்.

வந்தது. ஆனாலும் தேநீரை அவர் வேலிக்கு வெளியே நின்றுதான் குடித்தார்.

போர் வந்தது. பட்டாளத்தில் சேர்ந்தார். பர்மா எல்லையில் காயம்பட்டவர்களைச் சுமந்தார். ஒருநாள் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டு ஒன்று உருண்டு வந்தது. மற்றவர்கள் குப்புற விழுந்தார்கள். உருண்டு வருவதைக் குனிந்து எடுத்து எறிந்தே பழகிய உடம்பு அவருடையது. எடுத்து எறிந்தார். கையை விட்டுப் போனதுமே வெடித்தது. குழியில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவருடைய வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

திரும்பி வந்தவரைப் பந்து வீச யாரும் அழைக்கவில்லை. தோளில் கயிறு போட்டு உருளை இழுத்தார். மாலையை மட்டும் விடவில்லை. வாழைநாரைக் கால்விரலில் மாட்டிக் கட்டியிருக்கலாம். சாமிக்குப் போகிற பூ என்று அஞ்சி, பல்லில் கடித்து இடது கையால் கட்டினார்.

குருக்கள் பார்த்துவிட்டார்.

"எச்சில் பட்டுடுத்தே, தணிகாசலம். சுவாமிக்குச் சாத்தப்படாது. கடையில ஒண்ணு வாங்கிண்டு வாயேன்."

"வாங்குனா அது பூக்காரம்மா கட்டுனது, சாமி."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

மறுநாளும் கட்டி வந்தார். குருக்கள் வாங்கவில்லை. தணிகாசலம் அதை வாசல் கம்பியில் தொங்கவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் ஆடு தின்றது.

ஆண்டுகள் போயின. வெள்ளைக்காரர்கள் போனார்கள். மனைவி இறந்தார். அவர் கட்டினார், ஆடு தின்றது. யாரிடமும் அவர் குறை சொன்னதில்லை. முருகனிடமும்.

முன்பற்கள் ஆடி விழத் தொடங்கின. கடைசிப் பல்லும் போன மறுநாள் காலை, நார் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. ஈறால் கடித்துப் பார்த்தார். ஒரு முடிச்சும் நிற்கவில்லை. பூக்கூடையை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

அன்று குருக்கள் கடை மாலையைச் சாத்தினார். அறுந்து விழுந்தது. வேறொன்றைச் சாத்தினார். அதுவும் அறுந்தது. அடுத்ததை எடுத்தவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். கம்பியில் மாலை இல்லை.

மனிதர்கள் எச்சில் என்று ஒதுக்கியதை முருகன் தனக்கு என்று கேட்டான். அந்த எளிய அடியாரின் பெருமைக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

குருக்கள் மைதானத்துக்குள் ஓடினார். தணிகாசலம் கயிற்றை இறக்கிவைத்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எச்சிலா இருந்தா இருந்துட்டுப் போறது. சுவாமி கேக்கறார்ப்பா. இன்னிக்கு மாலை எங்கே?"